ஓசூரைத் தாண்டும்போது நகரும் வீடு

2017 ஜூன் 14, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு இருபதுக்கு, பதினாறு டன் ஜவ்வரிசி ஏற்றிய பத்துச் சக்கர லாரியைக் கோகிலவாணி ஓசூருக்கு அப்பால் ஜூஜூவாடியில் மாநில எல்லைக்கல்லைத் தாண்டி ஓட்டிய அதே நேரத்தில், இருநூறு கிலோமீட்டர் பின்னால், சங்ககிரிக்குப் பக்கத்துக் கல்லாங்காட்டூரில் அவளுடைய வீடு ஒன்பது அடி முன்னால் நகர்ந்தது.

வீட்டில் அப்போது அவள் கணவன் மோகனசுந்தரம் மட்டும் இருந்தான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். அவன் சோற்றுக்கு உலை வைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தபோது, கிளட்சை வெடுக்கென்று விட்டால் வண்டி எப்படிக் குதித்து முன்னால் போய் நிற்குமோ அப்படி வீடு குதித்துப் போய் நின்றது. உலைத்தண்ணீர் கொட்டி அடுப்பு அணைந்தது, தட்டுகள் உருண்டன, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் இரண்டு தடவை ஆடி ஓய்ந்தது. பத்தொன்பது வருடம் லாரி ஓட்டியவன் என்பதால் அவனுக்கு முதலில் தோன்றியது வீடு நகர்ந்துவிட்டது என்பதல்ல, புதிதாக ஓட்டப் பழகுகிற ஆள் யார் கையிலோ வீடு இருக்கிறது என்பதுதான். வாசலுக்கு வந்து, வீடு விட்டுவிட்டு வந்த இடத்தைக் காலால் அளந்துவிட்டுப் போன் போட்டான். கோகிலவாணி வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எடுத்தாள்.

“அம்மிணி, எங்க இருக்கே?”

“இப்பத்தானுங் மாமா ஓசூரத் தாண்டுனேன்.”

“வீடு நகந்துருச்சு.”

“எத்தன அடி?”

“காலால அளந்தேன். ஒம்பது வருது.”

“செவுரு கிவுரு வெடிப்பு விட்டிருக்குதுங்களா?”

“இல்ல. ஒலைதான் கொட்டிப்போச்சு.”

“சரி, மறுபடி வையுங்க. கவினுக்குப் பருப்பு கொழைய வேகோணும்,” என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி முதல் கியரைப் போட்டாள், ஏனென்றால் நாசிக் போய்ச் சேர இன்னும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருந்தது, அதுதான் அவளுடைய முதல் லோடு.

அவள் ஓட்ட வந்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மோகனசுந்தரத்துக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கி, எதிரே வருவது மாடா மனிதனா என்று தெரியாமல் போனபோது, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெற்றியில் ‘தாரணி - கவின்’ என்று பிள்ளைகள் பெயர் எழுதிய சொந்த லாரி வாசலில் நின்றது. சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் ஒருவரும் மூன்று மாதம் தாண்டவில்லை. கல்யாணமான புதிதில் லாரியைக் கழுவிவிட்டு ஓரமாக நிறுத்தப் பழகியவள், பிறகு பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரப் பழகியவள், முப்பத்துமூன்றாவது வயதில் போய் ஹெவி லைசென்ஸுக்கு நின்றாள். ரிவர்ஸ் எடுத்துக் காட்டச் சொன்ன இன்ஸ்பெக்டர் முன்னால் இரண்டு கம்பத்துக்கு நடுவே ஒரே ஒடிப்பில் கொண்டுவந்து நிறுத்தினாள். மாற்று டிரைவராகத் தன் தம்பி லோகநாதனையே சேர்த்துக்கொண்டாள். “பொம்பள வடக்க வண்டி ஓட்டிட்டுப் போயிட்டா புள்ளைகளுக்கு யாரு சோறாக்கறது?” என்று கேட்டவர்களுக்கு, “அப்பனுக்குக் கண்ணுதான் தெரியாது, உப்புத் தெரியும்,” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒன்பது வயதுத் தாரணி, வீடு இருக்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே வீடு இருப்பதைப் பார்த்துச் செருப்பை அங்கேயே கழற்றினாள். ஐந்து வயதுக் கவின், “அம்மாவப் பாக்கப் போகுதா?” என்று கேட்டான். பிற்பாடு கிழக்குப் பார்த்த அந்த வீடு ஏன் நகர்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், மண் சரியில்லை என்றார்கள், வாசல் வைத்த நாள் சரியில்லை என்றார்கள், ஆனால் ஐந்து வயதுப் பையன் கேட்ட கேள்விக்கு மேல் யாரும் போகவில்லை.

ஒன்பது நாள் கழித்து வெங்காய லோடோடு திரும்பி வந்த கோகிலவாணி, வீடு விட்டுவிட்டு வந்த வெறுந்தரையைப் பெருக்கிவிட்டு, புது இடத்தில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள். இரண்டாவது லோடுக்குப் போனாள், ஓசூரைத் தாண்டினாள், வீடு ஒன்பது அடி வந்தது. மூன்றாவது லோடுக்கு ஒன்பது அடி. நான்காவது லோடுக்கு ஊரில் யாரும் ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டு, எப்போது என்று கேட்கத் தொடங்கினார்கள். லைன்மேன் குப்புராசு கம்பத்திலிருந்து வருகிற ஒயரைச் சுருள் சுருளாகக் கட்டித் தொங்கவிட்டு, “நாப்பது அடி எச்சா விட்டிருக்கறன், நாலு டிரிப்புக்கு வரும், அதுக்கப்புறம் சொல்லியனுப்புங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். சங்ககிரி லாரி புக்கிங் ஆபீஸில் வண்டி எல்லை தாண்டிவிட்டதா என்று தெரிந்துகொள்ள டிரைவருக்குப் போன் போடாமல் வீட்டுக்குப் போன் போட்டார்கள். மோகனசுந்தரம், “இன்னும் ஆடல,” என்பான், அல்லது “இப்பத்தான் ஆடுச்சு, டீ கொட்டிப்போச்சு,” என்பான்.

புருஷன் வடக்கே போயிருக்கிற பெண்கள் முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்புறம், வீடு நகரும்போது உள்ளே உட்கார்ந்திருந்தால் வண்டியில் போனவன் நல்லபடியாகத் திரும்பி வருவான் என்று யாரோ சொல்ல, பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்து கூடத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். “நீ அக்கட்டால தள்ளு, நான் போன தடவையும் நின்னுட்டேதான் வந்தேன்,” என்று பஸ்ஸில் போலச் சண்டை போட்டார்கள். ஒருத்தி இட்லி மாவுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஒரு குலுக்கலில் மாவு பொங்குகிற மாதிரி கையால் எவ்வளவு கரைத்தாலும் பொங்காது என்று அவள் சொன்னதை மற்றவர்கள் சோதித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

சிக்கல் வந்தது பக்கத்துக் காட்டு அர்த்தநாரியிடமிருந்து. எட்டாவது லோடில் வீடு அவருடைய மஞ்சள் காட்டு வரப்பில் ஏறி உட்கார்ந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“வூடு வர்றதப் பத்தி எனக்கொண்ணுமில்ல மோகனு. அது வர்றது வருது. ஆனா மொளச்சு எலை விட்ட மஞ்சளு மேல வந்து உக்காந்தா எப்படி?”

“நானா உக்கார வெச்சேன்ணா?”

“ஒரு வார்த்த சொல்லிட்டு வரலாமில்ல?”

அது நியாயமாக இருந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு லோடுக்கும் முந்தின நாள் கோகிலவாணி அவர் வீட்டு வாசலில் போய் நின்று, “நாளைக்கு லோடுங்ணா, மூணு பாத்தி வரும்,” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர் அந்த மூன்று பாத்திச் செடியைத் தோண்டி வேறு இடத்தில் நட்டுக்கொண்டார். வீடு முன்னால் எடுத்துக்கொள்கிற இடத்துக்குப் பதிலாகப் பின்னால் விட்டுவிட்டு வருகிற இடத்தை அவர் எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். வீடு நின்றிருந்த தரையில் அவர் போட்ட சின்ன வெங்காயம் பெரிய வெங்காயம் அளவுக்கு விளைந்ததால், அதற்கப்புறம் அவரே வந்து, “என்னம்மிணி, அடுத்த லோடு எப்ப?” என்று கேட்கத் தொடங்கினார். இதையெல்லாம் எழுதி வைக்க வேண்டிய கிராம நிர்வாக அலுவலர் பியூலா, மார்த்தாண்டத்துக்காரி, சின்ன வயசு, நிலக் கணக்கான அடங்கலில் ஒவ்வொரு மாதமும் பென்சிலால் எழுதினாள். “பேனாவுல எழுதினா நான் அழிச்சு அழிச்சே வீட்டுக்குப் போயிருவேன் கோகிலாக்கா,” என்றாள்.

ஊர் பழகிக்கொண்டது. பழகிக்கொள்ளாதவள் தாரணி ஒருத்திதான். முதல் ஆறேழு மாதம் அவளும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தாள், அப்பா தலைவாரிவிட்டால் வகிடு கோணலாக இருப்பதைப் பற்றி, கவின் அம்மாவின் லாரித் தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்குவதைப் பற்றி. பிப்ரவரியில் பள்ளிக்கூட ஆண்டு விழா வந்தது. கும்மியில் தாரணி முதல் வரிசை. வந்துவிடுகிறேன் என்று சொன்ன கோகிலவாணி நாசிக்கில் மழையில் நனைந்த வெங்காயம் காயும்வரை இரண்டு நாள் காத்துக் கிடந்தாள். மேடையில் ஏறும் வரைக்கும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த தாரணி, அன்றிலிருந்து அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அம்மா வீட்டிலிருக்கும்போது, கேட்டால் தலையாட்டுவாள். போனில் ஒன்றே ஒன்று சொல்வாள். ஒவ்வொரு தடவை வீடு நகர்ந்ததும் வாசற்படியிலிருந்து, எதிரே ரோட்டோரம் நெடுஞ்சாலைக்காரர்கள் தங்கள் எல்லைக்கு நட்டிருந்த மஞ்சள் கல்வரைக்கும் டேப் பிடித்து அளந்து, அந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவாள். “நூத்து எழுபது.” “நூத்து அறுபத்தொண்ணு.” கோகிலவாணி துமகூரைத் தாண்டியோ சித்ரதுர்காவைத் தாண்டியோ ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, மகள் குரல் கேட்டதே போதும் என்று மறுபடி ஏறுவாள். போதவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

முன்னூற்று ஐம்பது அடியில் தொடங்கிய கணக்கு முப்பத்துமூன்று லோடு முடிந்தபோது ஐம்பத்துமூன்றுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் நெடுஞ்சாலைக்காரர்கள் டேப்போடும் சிவப்புப் பெயிண்டோடும் வந்தார்கள். வீடு நகர்வதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. மஞ்சள் கல்லைத் தாண்டி ரோட்டுப் பக்கம் எதுவும் வரக்கூடாது, வந்தால் எடுத்துவிடுவோம் என்று மரியாதையாகச் சொல்லி, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பியூலா கணக்குப் போட்டுப் பார்த்தாள். “அஞ்சு டிரிப் ஓட்டலாம் அக்கா. ஆறாவதுல படி கல்லத் தாண்டிரும்.”

ஊர் கூடி ஒரே வார்த்தையாகச் சொன்னது: லாரியை வித்துடு. அர்த்தநாரி ஒருபடி மேலே போய், “ஒரு தையல் மிஷினு போட்டுக் குடுக்கறேன் அம்மிணி, உக்காந்த எடத்துல ஓட்டு, அதுவும் கால்லதான் ஓட்டோணும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், கோகிலவாணியும் சிரித்தாள். ஆனால் அன்று பாத்திரம் விளக்கும்போது அவள் தனக்குத்தானே ஒன்றை ஒப்புக்கொண்டாள். லோடு வாடகைப் பணத்துக்காக மட்டும் அவள் ஓட்டவில்லை. நாசிக் போகிற வழியில் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறும்போது, பின்னாலிருக்கும் பதினாறு டன்னும் தன் பாதத்தின் பேச்சைக் கேட்கிற அந்த அரைமணி நேரம் அவளுக்கு வேண்டும். அதேபோல வீட்டுக்குள் நுழைந்ததும் கவின் கழுத்தில் தொங்குகிற அந்த அரைமணி நேரமும் வேண்டும். ஒன்றை விட்டால்தான் மற்றது என்று ஊர் சொல்கிறது. வீடும் அதைத்தான் சொல்கிறதோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

“நீங்க என்ன மாமா சொல்றீங்க?”

மோகனசுந்தரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான். “எனக்குக் கண்ணு போன மாதிரி உனக்குக் கையுங் காலும் போகட்டும்னு நாஞ் சொல்லமாட்டேன். ஆனா வூடு போச்சுன்னா புள்ளைகள எங்க வெக்கறது?”

ஒத்துக்கொண்ட லோடு ஒன்று இருந்தது. அதைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து வண்டியை விற்பதைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லிவிட்டு, 2018 ஜூலை 7, சனிக்கிழமை விடிகாலையில் அவள் கிளம்பினாள். தூங்குவதாகப் பாசாங்கு செய்த தாரணியின் நெற்றியில் கை வைத்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் கல்லாங்காட்டூர்க்காரர்கள் அவளிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார்கள். மூன்று தலைமுறையாக லாரி தவிர வேறெதுவும் தெரியாத ஊர் அது. நகர்கிற ஒன்றை நிறுத்த அவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். வீட்டுக்கு வீடு இருந்த டயர்க்கட்டைகளையெல்லாம் கொண்டுவந்து, மேட்டில் நிற்கிற வண்டிக்கு வைப்பது போல வீட்டின் முன்சுவர் நெடுக அடித்து இறுக்கினார்கள். இருபத்தேழு கட்டை. திருஷ்டிக்கு ஒரு பழைய செருப்பும் கட்டினார்கள். வழக்கமாக வருகிற பெண்கள் அன்று உள்ளே உட்காராமல் வெளியே நின்றார்கள்.

ஜூஜூவாடியில், எல்லைக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால், கோகிலவாணியின் லாரி நின்றது. இன்ஜின் ஓடியது, கியர் விழுந்தது, சக்கரம் மட்டும் மறுத்தது. பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. லோகநாதன் கீழே குதித்து அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தான்.

“அக்கா, ஒரு கோளாறும் இல்ல. யாரோ முன்னாடி கட்டை போட்டு வெச்சாப்ல நிக்குது. கட்டையக் காணோம்.”

கட்டை என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் போட்டுப் பார்த்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. ஓரமாகச் சர்வீஸ் ரோட்டில் ஒதுக்கி நிறுத்திவிட்டுப் போன் போட்டாள்.

“மாமா, வூட்டுக்குக் கட்டை போட்டீங்களா?”

“ஊரே சேந்து போட்டாங்க. அசையல பாரு!” அவன் குரலில் சந்தோஷம் இருந்தது.

“இங்க வண்டியும் அசையல. எடுக்கச் சொல்லுங்க.”

யார் யாரோ ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. எடுத்தா ரோட்டுக்குப் போயிரும் என்றது அர்த்தநாரியின் குரல். லோடு கெடக்கட்டும், திரும்பி வரச்சொல்லு என்றது இன்னொரு குரல். கோகிலவாணி காதில் போனை வைத்தபடி, கைக்கு எட்டும் தூரத்திலிருந்த அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிவிடலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். ஸ்டியரிங்கைத் திருப்பினால் வீடு பிழைக்கும், பிள்ளைகள் பிழைக்கும். அப்போது போன் கை மாறியது. எண் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள்.

“அம்மா.”

ஐந்து மாதத்துக்கப்புறம் வந்த வார்த்தை. கோகிலவாணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“அம்மா, கேக்குதா? கட்டையெல்லாம் முன்னாடிதான் போட்டிருக்காங்க. பின்னாடி ஒண்ணுகூட இல்ல.”

“அதுக்கென்ன சாமி?”

“நீ எப்பவும் முன்னாடி பாத்துதானே அந்தக் கல்லத் தாண்டறே? வீடும் முன்னாடி வருது. நீ ரிவர்ஸ்ல தாண்டிப் பாரும்மா.”

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த லோகநாதன் வாயைப் பிளந்தான். கோகிலவாணி போனை அணைக்காமலே ஏறி உட்கார்ந்து, சர்வீஸ் ரோட்டில் வண்டியை முழுக்கத் திருப்பி, முகம் ஊரைப் பார்க்க, பின்பக்கம் கர்நாடகத்தைப் பார்க்க நிறுத்தினாள். லோகநாதன் பின்னால் ஓடி நின்று, “வரலாம், வரலாம், லெஃப்ட்ல ஒடி, வரலாம்,” என்று கத்தினான். ஹாரன் அடித்துக்கொண்டிருந்த மற்ற லாரிக்காரர்கள் என்னமோ ஏதோ என்று இறங்கி வந்தவர்கள், ஒரு பெண் ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்ததும் அவர்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று கை காட்டினார்கள். பின்சக்கரம் கல்லைத் தாண்டியது, முன்சக்கரமும் தாண்டியது.

போனில் பெரும் சத்தம். பாத்திரம் உருளும் சத்தம், பெண்கள் கூவும் சத்தம், அர்த்தநாரி “ஆல்ட், ஆல்ட், நிறுத்துங்க, என்ர வெங்காயத்துக்கு அந்தப் பக்கம் போயிராதீங்க!” என்று அலறும் சத்தம். அப்புறம் டேப் இழுபடும் சத்தம்.

“அம்மா, அறுபத்திரெண்டு!”

கோகிலவாணி வண்டியை எல்லைக்கு உள்ளே கொண்டுவந்தாள், மறுபடி ரிவர்ஸில் தாண்டினாள். “எழுபத்தொண்ணு!” மறுபடி வந்தாள், மறுபடி தாண்டினாள். மோகனசுந்தரம் பார்வை தெரியாத கண்ணோடு வீட்டின் பின்னால் போய் நின்று, பத்தொன்பது வருடப் பழக்கத்தில் சுவரில் தட்டித் தட்டி, “வரலாம், வரலாம்,” என்று வீட்டுக்கு வழி சொன்னான். முப்பத்துமூன்று தடவையும் ரிவர்ஸ் எடுத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடச் சொல்லிச் சிலர் கத்தினார்கள். ஆறாவது தடவை முடிந்ததும் தாரணி போனில் சொன்னாள்.

“நூத்தியேழு. போதும்மா.”

“பழைய எடத்துக்குப் போக வேண்டாமா சாமி?”

“வேண்டாம். இங்கிருந்து ஹைவே பாலம் தெரியுது. நீ அதுல எறங்கி வர்றப்ப லாரி தெரியும். முன்னாடி லாரி நிக்கவும் எடம் இருக்குது,” என்றாள்.

கட்டைகளைப் பிடுங்கி அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். செருப்பு மட்டும் இருந்தது. கோகிலவாணி வண்டியைத் திருப்பி முன்பக்கமாக எல்லையைத் தாண்டினாள், வீடு ஒன்பது அடி முன்னால் வந்தது, அவள் நாசிக் போனாள். திரும்பி வரும்போது ஜூஜூவாடியில் எல்லைக்குள் வந்து, நிறுத்தி, ரிவர்ஸில் ஒரு தடவை தாண்டிவிட்டு மறுபடி உள்ளே வந்தாள். வீடு ஒன்பது அடி பின்னால் போய் நின்றது. அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. அவள் போகும்போது வீடு ஓர் எட்டு எடுத்து வைத்தது, வரும்போது ஓர் எட்டுப் பின்வாங்கியது. ஜூஜூவாடி டீக்கடைக்காரர் லாரியைக் கண்டதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து கை காட்டுவார். குப்புராசு ஒன்பது அடி ஒயரை மட்டும் சுருட்டிக் கட்டிவிட்டு மற்றதை வெட்டி எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு இப்போது போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று இரண்டு குலுக்கல். மாவுச் சட்டிக்காரி திரும்பி வருகிற குலுக்கல்தான் நல்லது என்றாள். கோகிலவாணி ஆண்டு விழாக்களில் பாதிக்கு வந்தாள், பாதிக்கு வரவில்லை. வராதபோது தாரணி சண்டை போட்டாள், வாய்விட்டு, முழு நீளத்துக்கு, போனில் சார்ஜ் தீரும்வரைக்கும்.

2019 ஜூன் 3, திங்கட்கிழமை, அந்த வீடு நிற்கும் நாலே கால் சென்ட் நிலத்துக்குக் கோகிலவாணி பெயரில் பட்டா வழங்கப்பட்டது. நான்கெல்லை விவரத்தில் கிழக்கு என்ற இடத்தில், ‘நெடுஞ்சாலை மஞ்சள் கல்லுக்கு 107 அடி, ஒன்பது அடி முன்பின்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது.